பனியன் ஊரில் ஸ்ட்ரீட்வேர்

மூன்றாவது சலவை முடிந்து கொடியிலிருந்து எடுத்தபோது அந்த டீ சர்ட்டின் பக்கத்துத் தையல் நான்கு விரற்கடை முன்னால் நகர்ந்திருந்தது. அண்ணன் பையன் அதைப் போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் நின்றான். முதுகில் பெரிதாக அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகளில் வயல் வெடிப்பு மாதிரி கோடு விழுந்திருந்தது. கழுத்துப் பட்டை தொங்கிப்போயிருந்தது. ஆன்லைனில் 1,299 ரூபாய் கொடுத்து வாங்கியது.

“ஏனுங் அத்தை, நான் துவைச்சது தப்புங்களா?” என்று கேட்டான்.

அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 14 வருடம் வேலை பார்த்தவள். தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங்கில் ஆரம்பித்து, அப்புறம் மாதிரி பீஸ் தைக்கிற சாம்பிள் பிரிவுக்குப் போனேன். அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லி மேசையில் விரித்துப் பார்த்ததும் கதை முழுவதும் தெரிந்துவிட்டது. பனியன் துணி ஒற்றை நூலில் வளையம் வளையமாகப் பின்னுவது. நூற்கும்போது நூலில் ஏறிய முறுக்கு முழுவதும் அடங்காமல் உள்ளேயே இருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த முறுக்கு அவிழப் பார்க்கும், வளையங்கள் ஒரு பக்கமாகச் சாயும், துணியே திருகும். கம்பெனியில் இதை ஸ்பைராலிட்டி என்போம். நெருக்கமாகப் பின்னி, சாயத்துக்குப் பிறகு துணியை அழுத்திச் சுருக்குகிற காம்பாக்டிங்கில் நன்றாக இறுக்கிக் கொடுத்தால் பெருமளவு கட்டுப்படும். துணி மிச்சம் பிடிக்க லூசாகப் பின்னி, காம்பாக்டிங்கையும் அவசரமாக முடித்தால் மூன்றாவது சலவையில் இப்படி வந்து நிற்கும்.

எனக்கு வலித்தது காசு போனதற்காக இல்லை. இந்தப் பையனின் ஆத்தா, அதாவது என் அம்மா, 22 வருடம் செக்கிங்கில் உட்கார்ந்தவர். துணியை விரலுக்கு நடுவில் வைத்து ஒருமுறை நிமிண்டினால் இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டுப் பையன் துணியைத் தொட்டே பார்க்காமல், போனில் தெரிந்த எழுத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறான். அவன் மட்டும் இல்லை. அனுப்பர்பாளையத்திலும் அவினாசியிலும் பல்லடத்திலும் பனியன் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் பாதிப்பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

அவன் கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்திருந்தான். துணிமணிக்காக அண்ணன் 6,000 ரூபாய் கொடுத்திருந்தார். “இந்தக் காசுல எனக்கு வேண்டியது பூராத்தையும் நீங்களே எடுத்துக் குடுங்க அத்தை. ஆனா ஸ்ட்ரீட்வேரா இருக்கோணும்” என்றான். ஸ்ட்ரீட்வேர் என்றால் தளர்வான டீ சர்ட், தலைமூடி வைத்த ஹூடி, தொடையில் பை வைத்த கார்கோ பேன்ட் என்று தெருவில் பையன்கள் போடுகிற உடுப்பு. சரி என்றேன். எனக்கும் அந்த உடுப்பு பிடிக்கும். ஆறு வருடமாக நானும் அதைத்தான் போடுகிறேன்.

இந்த உடுப்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு முதலில் சொன்னேன். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஷான் ஸ்டூஸி அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்தார். பலகையில் போடும் தன் கையெழுத்தையே டீ சர்ட்டிலும் அச்சடித்து விற்றார். 1993-இல் டோக்கியோவின் ஹராஜுகுவில் நிகோ ‘எ பேத்திங் ஏப்’ தொடங்கினார். அடுத்த வருடம் நியூயார்க்கின் லாஃபாயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா சுப்ரீம் கடையைத் திறந்தார். அங்கே வந்தவர்கள் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற பையன்கள். இவர்கள் யாரும் புதிதாக ஓர் உடையைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே உழைக்கிறவர்கள் போட்டதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஜீன்ஸ் சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைத்தவர்களுடையது. கார்கோ பேன்ட் பட்டாளத்துடையது. டீ சர்ட் அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் சட்டைக்கு உள்ளே போட்ட பனியன்.

அந்தக் கடைசி வரியைச் சொன்னபோது பையன் நிமிர்ந்து பார்த்தான். உள்ளே போடும் பனியனில் ஆரம்பித்து வெளியே போடும் டீ சர்ட்டுக்கு வந்ததுதான் எங்கள் ஊரின் கதையும். கை வைத்த வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர், 1970களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு டீ சர்ட் அனுப்பத் தொடங்கியது. இன்றைக்கும் ஊரில் ஹூடி தைக்கிற இடத்தைக்கூட பனியன் கம்பெனி என்றுதான் சொல்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் போனோம். ஏற்றுமதிக்கு வெட்டும்போது கழிவுக்கென்று ஆர்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள். அதில் மிஞ்சுவது, ரத்தான ஆர்டர், ஒரு சின்ன ஊசி ஓட்டைக்காகத் தள்ளியது எல்லாம் லேபிளை வெட்டி இங்கே வந்து குவியும். ஒரே குவியலில் ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டிய நல்ல பீஸும் இருக்கும், துவைத்தால் திருகுகிற பீஸும் இருக்கும். பெரிய கம்பெனிகளின் பெயரைப் போலியாக ஒட்டிய பீஸும் இருக்கும். அதனால் பெயரைப் பார்க்காதே, துணியைப் பார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் எடை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். கம்பெனியில் வட்டமாக வெட்டும் ஒரு கருவி இருக்கிறது. அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும். அந்த வில்லையைத் தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். கடையில் அது முடியாது. ஆனால் வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் போதும். 180 ஜிஎஸ்எம் சாதாரண அளவு டீ சர்ட் சுமாராக 150 முதல் 180 கிராம் இருக்கும். 240 ஜிஎஸ்எம் ஓவர்சைஸ் பீஸ் கால் கிலோவைத் தாண்டும். ஆன்லைனில் 240 என்று எழுதியிருந்த அவனுடைய சட்டையைக் கிளம்புவதற்கு முன் தராசில் வைத்தோம். 190 கிராம் காட்டியது. அந்த அளவுச் சட்டைக்கு அது 240 துணியாக இருக்கவே முடியாது.

கனமான துணி எதற்கு என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஸ்ட்ரீட்வேர் டீ சர்ட் உடம்பைப் பிடிக்காது, உடம்பிலிருந்து விலகி நிற்கும். மெல்லிசுத் துணியில் அகலமாக வெட்டினால் தொளதொளவென்று விழும், இரவல் சட்டை மாதிரி இருக்கும். துணிக்குக் கனம் இருந்தால்தான் தோளில் இருந்து நேராக இறங்கி ஒரு பெட்டி வடிவம் வரும். அதே சமயம் இது சித்திரையில் வெயில் கொளுத்துகிற ஊர். 300 ஜிஎஸ்எம் டீ சர்ட்டெல்லாம் குளிர்நாட்டுக்குச் சரி. கோயமுத்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு போகிறவனுக்கு 200-லிருந்து 220 போதும், ஒன்று மட்டும் 240 இருக்கட்டும் என்பது என் கணக்கு. கனம் கூடும்போது நூலும் தடிக்கும். நூல் நம்பர் தலைகீழ்க் கணக்கு: ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீள நூல் கண்டு எத்தனை வருகிறது என்பதே நம்பர். அதனால் முப்பதாம் நம்பர் மெல்லிசு, இருபதாம் நம்பர் தடிமன். கோம்டு நூலா கார்டட் நூலா என்றும் கேட்க வேண்டும். கோம்டு என்றால் குட்டையான இழைகளைச் சீவி எடுத்துவிடுவார்கள். அதில் பின்னிய துணியில் சீக்கிரம் உருண்டை கட்டாது.

ஒரு கடையில் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பீஸ் பீஸாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். கழுத்து ரிப்பை இரண்டு கையால் இழுத்து விட்டேன். உடனே பழைய அளவுக்கு வந்தால் அதில் இழுபட்டுச் சுருங்குகிற லைக்ரா நூல் இருக்கிறது. வராவிட்டால் ஒரு மாதத்தில் தொங்கிவிடும். ஒரு தோளில் இருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் வரை தையலை மூடுகிற நாடா ஓடுகிறதா என்று பார்க்க வைத்தேன். ஓவர்லாக் தையலை விரித்துப் பிடித்து, இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று காட்டினேன். கடைசியாக, துணியில் மேலிருந்து கீழாக ஓடும் பின்னல் வரியைப் பக்கத்துத் தையலோடு ஒப்பிடச் சொன்னேன். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் வெட்டு சரி. வரி தையலைக் குறுக்கே கடந்து போனால் அந்தப் பீஸை அங்கேயே வைத்துவிட வேண்டும், துவைத்தால் திருகும்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா கம்பெனியில இருக்கறவங்களாட்டத் தெரியுதுங்” என்றார். ஆமாங்க என்றேன். உள்ளே போய் இன்னொரு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார். நாங்கள் எடுத்த நான்கு டீ சர்ட்டில் மூன்று அந்த மூட்டையில் இருந்து வந்தவை. பீஸ் 220 ரூபாய்.

ஓவர்சைஸ் என்றால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது என்று பையன் நினைத்திருந்தான். இந்தத் தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எம் சைஸ்காரன் எக்ஸ்எல் எடுத்தால் கழுத்தும் அகலமாகும், நீளமும் தொடைக்கு இறங்கும், கை ஓட்டையும் தொங்கும். ஓவர்சைஸ் என்பது தனிப் பேட்டர்ன், வெட்டும் அளவே வேறு. கழுத்து அப்படியே இருக்கும். தோள் தையல் மட்டும் புஜத்தில் இறங்கும், நெஞ்சகலம் கூடும், கை முழங்கை வரை வரும், நீளம் கிட்டத்தட்டக் கூடவே கூடாது. அவனுக்கு நெஞ்சு 38 இஞ்ச். அக்குளுக்கு அக்குள் 22 அல்லது 23 இஞ்ச், நீளம் 27 அல்லது 28 என்று ஒரு தாளில் எழுதி, இஞ்ச் டேப்பைக் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் அவன் லேபிளில் சைஸ் பார்க்கவே இல்லை. அளந்து அளந்து எடுத்தான். ஒரு பீஸில் எஸ் என்று போட்டிருந்தது, அவனுக்குக் கச்சிதமாக இருந்தது.

ஹூடிக்கு வருகிறேன். இந்த ஊரில் ஹூடி எதற்கு என்று என் அண்ணன் கேட்டார். இரவு ஷிப்ட் முடிந்து விடிகாலை நாலரைக்கு மார்கழியில் ஸ்கூட்டர் ஓட்டி வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சூலூர், பல்லடம் காற்றாலைகளைச் சுற்றவிட்டுவிட்டு வண்டியில் போகிறவரின் நெஞ்சுக்குள்ளும் புகும். 1930களில் சாம்பியன் கம்பெனி தலைமூடி வைத்த ஸ்வெட்சர்ட்டைச் செய்ததே நியூயார்க் மாநிலத்தின் குளிர்க் கிடங்குகளில் வேலை பார்த்தவர்களுக்காகத்தான். உழைப்பவர் காதுக்கு மறைப்பு. அந்த வகையில் எங்கள் ஊர் இரவு ஷிப்ட்காரர்களுக்கு அது முழுப் பொருத்தம்.

அதே சாம்பியன் கம்பெனி செய்த இன்னொரு வேலை எனக்கு எப்போதும் அதிசயம். பனியன் துணி துவைத்தால் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். ஹூடி மாதிரித் தடிமனான துணியில் அது பெரிய தொல்லை. அவர்கள் 1930களின் முடிவில் துணியைப் படுக்கைவசமாகத் திருப்பி வெட்டினார்கள். சுருங்குகிற திசை அகலத்துக்குப் போய்விட்டது. பின்னாளில், அகலத்திலும் இறுக்காமல் இருக்கப் பக்கத்தில் ரிப் துண்டு வைத்துத் தைத்தார்கள். ரிவர்ஸ் வீவ் என்று பெயர். எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த துணியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாரோ நம்மாளாட்ட ஒருத்தன் மேசையில நின்னு யோசிச்சிருக்கான் பாருங்” என்றார். ஸ்ட்ரீட்வேர் பற்றி நான் கேட்ட வார்த்தைகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். படுக்கைவசமாக வெட்டிய ஹூடியைக் கண்டுபிடிப்பதும் எளிது. பின்னல் வரி இடமிருந்து வலமாக ஓடும்.

பையனுக்கு எடுத்தது அந்த வகை இல்லை, அது கிடைக்கவில்லை. உள்பக்கம் பிரஷ் பண்ணிப் பஞ்சு மாதிரி ஆக்கிய பிளீஸ் வேண்டாம் என்று மட்டும் கறாராகச் சொன்னேன். அது ஊட்டிக்கு. நமக்கு உள்ளே சின்னச் சின்ன வளையம் தெரிகிற லூப் நிட், 260 அல்லது 280 ஜிஎஸ்எம். வேர்வையை உறிஞ்சும், காற்றும் போய்வரும். ஜிப் இல்லாமல், முன்னால் கங்காருப் பை வைத்த, மெலாஞ்ச் என்கிற கலவைச் சாம்பல் நிறத்தில் ஒன்று 550 ரூபாய்க்குக் கிடைத்தது. தலைமூடி இரட்டைத் துணியில் இருந்தது. ஒற்றைத் துணியில் இருந்தால் பின்னால் சப்பையாகத் தொங்கும், நிமிர்ந்து உட்காராது.

கார்கோ பேன்ட்டைப் பற்றிக் கொஞ்சம் என் கதையைச் சொல்ல வேண்டும். சாம்பிள் பிரிவில் இருந்தபோது என்னிடம் எப்போதும் இஞ்ச் டேப், பிசிறு வெட்டும் கத்தரி, சாக்பீஸ், போன், பேனா இருக்கும். சுடிதாரில் பை கிடையாது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் அலைவேன். தையல் நடக்கிற பவர்டேபிள் யூனிட்டில் மிஷினுக்கு நடுவில் குனியும்போது பை முன்னால் வந்து விழும். ஒரு நாள் ஜெர்மனி ஆர்டர் கார்கோ சாம்பிள் ஒன்று மிஞ்சியது. வீட்டுக்குக் கொண்டுவந்து, இடுப்பைப் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். தொடையில் இரண்டு பை, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. டேப் ஒரு பையில், கத்தரி ஒரு பையில், போன் ஒன்றில். கை இரண்டும் சும்மா இருந்தன. அந்தச் சுதந்திரத்தை அதற்கு முன் எந்த உடையும் எனக்குக் கொடுத்ததில்லை.

மறுநாள் கம்பெனிக்கு அதைப் போட்டுப் போனபோது சிலர் பார்த்தார்கள்தான். பக்கத்து வீட்டு அம்மா, “ஏன் கண்ணு, போலீஸ் வேலைக்குப் போறியா?” என்று நிஜமாகவே கேட்டார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இரண்டு மாதத்தில் லைனில் இருந்த இரண்டு பிள்ளைகள் என்னிடம் வந்து, அந்தப் பேட்டர்னைக் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டார்கள். பெண்கள் உடையில் பை வைக்காமல் விடுவது வெறும் மறதி என்று நான் நம்பவில்லை. அளவுகள் எழுதிவரும் ஸ்பெக் ஷீட் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரே ஸ்டைலில் ஆண்கள் பேன்ட்டில் ஒன்பது இஞ்ச் ஆழப் பையும் பெண்கள் பேன்ட்டில் நாலரை இஞ்ச் பையும் வரும். சிலதில் பை மாதிரி ஒரு தையல் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால்தான் என்னை மாதிரி வேலைக்குப் போகிற பெண்கள் யார் கேட்டாலும் ஆண்கள் பிரிவில் கார்கோ எடுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

பையனுக்கு டிவில் துணியில், பச்சையும் மண்ணும் கலந்த நிறத்தில், நேராக இறங்குகிற கால் உள்ளது 750 ரூபாய்க்கு எடுத்தோம். தொடைப் பை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறதா, புடைத்து நிற்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் மடிப்பு வைத்துத் தைத்தது பொருள் போட்டால் விரியும், எடுத்தால் அடங்கும். ஜீன்ஸ் ஒன்று 900. அதில் சொல்ல அதிகமில்லை. கிழிசல் வேண்டாம், இழுவைத் துணி வேண்டாம், கருநீலத்தில் நேர்க்கால் ஒன்று இருந்தால் ஐந்து வருடம் ஓடும்.

நிறத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவனுக்கு எல்லாம் கறுப்பில் வேண்டும். கறுப்பு ஒன்று போதும் என்றேன். அவன் முகம் வாடியது. பஸ் ஸ்டாப்பில் நின்று அவனுக்கு இதைச் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

பருத்திப் பனியனுக்கு ரியாக்டிவ் சாயம் போடுவார்கள். சாயம் நூலில் ஏற உப்புக் கொட்ட வேண்டும். பிடிக்காமல் நின்ற சாயத்தை வெளியேற்றத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சாயம், அவ்வளவு உப்பு. கறுப்புதான் எல்லாவற்றிலும் ஆழம். அந்தத் தண்ணீர் பல வருடம் நொய்யல் ஆற்றில் போனது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். என் பெரியம்மா வீட்டுத் தோட்டம் அந்தப் பக்கம்தான். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, தென்னை குருத்து சிறுத்துப்போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. என் அப்பா அப்போது சாயப்பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதம் அவருக்குச் சம்பளமில்லை. அம்மாவின் செக்கிங் கூலியில்தான் வீடு ஓடியது. ஒரே வீட்டில் ஒரு பக்கம் தண்ணீர் போனது, இன்னொரு பக்கம் வேலை போனது. தீபாவளிக்குப் பெரியம்மா வந்தபோது அப்பா அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பெரியம்மாதான் தட்டில் முறுக்கை வைத்து அப்பா கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டறைகள் திறந்தன. தண்ணீரை மீட்டு எடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், உப்பையும் பிரிக்கிறார்கள். அதற்குச் செலவு அதிகம், மின்சாரம் அதிகம். இத்தனையும் ஒரு கறுப்பு டீ சர்ட்டுக்குள் இருக்கிறது. அதனால் கறுப்பு வாங்கினால் நல்லதாக ஒன்று வாங்கு, உள்பக்கம் திருப்பித் துவை, நிழலில் போடு, நான்கு வருடம் போடு என்றேன். மீதி மூன்றில் ஒன்று வெள்ளை, ஒன்று பாசிப்பச்சை, இன்னொன்று சாயமே போடாத கோரா. வெளிநாட்டுக் கடைகளில் எக்ரூ என்று பெயர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிற நிறம் அது. பருத்தியின் சொந்த நிறம், ஆங்காங்கே விதைத் துணுக்குப் புள்ளி தெரியும். எனக்கு எல்லா நிறத்திலும் அதுதான் அழகு. பையன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஜீன்ஸுக்கு மேல் வைத்துப் பார்த்ததும் பேசாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

இனி நான் ரொம்ப நாளாகச் செய்து பார்க்க ஆசைப்பட்ட ஒன்று. டீ சர்ட்டுக்கு மேல் பட்டன் போடாமல் மாட்டுகிற ஓவர்ஷர்ட்டுக்குக் கொஞ்சம் கனமான நெய்த துணி வேண்டும். எங்கெங்கோ தேடினேன். கடைசியில் வீட்டுக் கட்டிலில் கிடந்தது. சென்னிமலைப் போர்வை. கைத்தறிப் பருத்தி, தடிமனான நூல், ஓரத்தில் கரை. ஒற்றைக் கட்டில் போர்வை 60-க்கு 90 இஞ்ச் வரும், முழுக்கைச் சட்டைக்குத் தாராளம். சென்னிமலையில் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போய் நீலமும் சாம்பலும் கோடு ஓடிய ஒன்றை 450 ரூபாய்க்கு எடுத்தோம். வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன். கைத்தறித் துணி சுருங்குவதெல்லாம் முதலிலேயே சுருங்கி முடிக்கட்டும்.

எங்கள் தெரு டைலர் போர்வையை விரித்துப் பார்த்துவிட்டு, “போர்வையில சட்டைங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். கரை சட்டையின் அடிப்பக்கத்தில் வர வேண்டும், மடித்துத் தைக்க வேண்டாம், கரையே ஓரமாக இருக்கட்டும் என்று சொன்னதும் அவருக்குப் பிடிபட்டது. நெஞ்சில் இரண்டு பை, மூடியோடு. கோடுகள் பையிலும் உடம்பிலும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவராகவே சேர்த்துத் தைத்திருந்தார். கூலி 400. உலகத்தில் எந்தக் கடையிலும் அந்தச் சட்டை கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. சட்டைக்கான நெசவு சென்னிமலையில், தையல் எங்கள் தெருவில், உடுப்பின் சாயல் மட்டும் எங்கோ ஒரு ஸ்கேட்போர்டு தெருவில் இருந்து.

ஷூவுக்கு 1,800 ரூபாய் ஒதுக்கினோம். ஹைடாப் வேண்டும் என்றான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஷூவைக் கழற்றுகிறாய் என்று எண்ணச் சொன்னேன். வீடு, நண்பன் வீடு, கோயில், ஹாஸ்டல் அறை, கம்ப்யூட்டர் லேப். கணுக்கால் வரை கயிறு கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்க இந்த ஊரில் யாருக்கு நேரம்? தாழ்வான வெள்ளை ஷூ, அடி தட்டையாக, எழுத்தில்லாமல். கேன்வாஸ் என்றால் மழைக்கு ஆகாது, ஆனால் துவைக்கலாம். அவன் துவைக்கக்கூடியதையே எடுத்தான். தொப்பி, சங்கிலி எல்லாம் அவனுக்கு வேண்டுமானால் அவன் சம்பாதித்து வாங்கிக்கொள்ளட்டும்.

கணக்குப் பார்த்தால் 5,730 ரூபாய். நான்கு டீ சர்ட், ஹூடி, கார்கோ, ஜீன்ஸ், ஓவர்ஷர்ட், ஷூ. மிச்சம் 270 ரூபாயில் சாக்ஸ் வாங்கிக்கொண்டான்.

கோயமுத்தூர் கிளம்புகிற அன்று சாயங்காலம் கோரா டீ சர்ட்டும் கார்கோவும் போட்டு, மேலே போர்வைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இங்க வா சாமி” என்றார். சட்டை ஓரத்தைப் பிடித்து விரலால் நிமிண்டிப் பார்த்தார். “சென்னிமலைதானே?” என்றார். ஆமாங் ஆத்தா என்றான். அப்புறம் டீ சர்ட்டின் அடி விளிம்பைத் திருப்பினார். விளிம்பை மடித்துத் தைக்கிற பேட்லாக் தையல் முடிகிற இடத்தில் அரை இஞ்ச் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. நானும் பார்க்கவில்லை, கடையிலும் யாரும் பார்க்கவில்லை.

“அந்தக் கத்தரிய எடு” என்றார். என் தொடைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பிசிறை வெட்டிவிட்டு, பெட்டியில் வைக்காமல் கிடந்த மற்ற மூன்று டீ சர்ட்டையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கழுத்து, தோள், கை, அடி என்று பழைய வரிசையில் பார்த்து முடித்தார். அட்டை இல்லாமலே அட்டை வைத்து மடித்த மாதிரி மடித்து, கழுத்து மேலே தெரிகிற மாதிரி அவன் பெட்டியில் அடுக்கினார். பையன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.